வாகையேந்தலுக்கு நான் எழுதிய சொல்

தம்பி, உன் கட்டுரையில் ஏழு திருத்தங்கள் செய்து ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிட்டேன். மூன்று கமா, விட்டுப்போன இரண்டு சிறு சொற்கள், ஒரு எழுத்துப் பிழை, இரண்டாக உடைத்த ஒரு நீண்ட வாக்கியம். எட்டாவதாக ஒன்று இருந்தது. அதன்மேல் பென்சிலை வைத்தேன், எடுத்துவிட்டேன். அனுப்பிய பிறகு இரண்டு நாள் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். உன் அம்மா பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "கமாவுக்கெல்லாம் வாயத் தொறக்கிறீக. சொல்ல வேண்டியதுக்குத் தொறக்க மாட்டீக. அந்தப் பிள்ளைக்கு ஒரு காகிதமாவது எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும் வேலை அவளுடையது. அதில் அவள் என்னைவிடத் தேர்ந்தவள்.

எட்டாவது இடம் உன் முதல் வரி. "பின்தங்கிய மாவட்டம் ஒன்றின் பின்தங்கிய கிராமத்தில் பிறந்தேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்குகிறாய். இலக்கணப்படி அதில் குறையில்லை. அப்படி எழுதினால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைக்குத் தேர்வு செய்பவர்களுக்கு மனம் இளகும் என்று உன் நண்பர்கள் சொன்னதாகச் சொன்னாய். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் நீ அனுப்பியாக வேண்டும். இன்று புதன். இந்த வரியை எடு என்று நான் சொல்லி, அதனால் உனக்கு இடம் கிடைக்காமல் போனால் அந்தப் பாரத்தை என்னால் சுமக்க முடியாது. பேசாமல் இருந்தால் அதுவும் முடியாது போலிருக்கிறது. ஏனென்றால் அந்த வரி உன்னுடையது இல்லை. அதை முதலில் எழுதியவன் நான்.

நீ பிறந்தபோது நான் வாகையேந்தல் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர் என்பது உனக்குத் தெரியும். ஐந்து வயதுவரை நீ அங்கேதான் இருந்தாய். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். ஒன்பதாவதுக்குத் திருச்சுழி போக வேண்டும். பஸ் பிடிக்க ஐந்து கிலோமீட்டர், கருவேலங்காட்டுக்குள் நடந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். பையன்கள் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. அந்த வருடம் எட்டாவதில் முதலாவதாக வந்தவள் சங்கையாவின் மகள் முத்துமாரி. சங்கையா மிளகாயும், மெட்ராஸில் கொத்தவரை என்கிறார்களே, அந்தச் சீனியவரையும் போட்டுக்கொண்டிருந்த மானாவாரி விவசாயி, ஊரில் நாலு பேர் கேட்கிற சொல்லுக்கு உரியவர். பள்ளிக்கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "ஊருக்குள்ள பஸ்ஸு வந்துட்டா புள்ளைய அனுப்பிருவேன், வாத்தியாரய்யா. ஒரு மனு எழுதித் தாங்க" என்றார்.

எனக்கு மனு எழுதுவதில் அப்போது பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். எதுவும் வாங்க மாட்டேன். சங்கையா மட்டும் கேட்காமலே வாரம் ஒரு பை சீனியவரைக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மனுவைத் தமிழில் எழுதியிருந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதினால் மேசையில் மேலே வைப்பார்கள் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் என் கர்வமும் இருந்தது. எந்த ஊருக்கு எழுதினாலும் என் மனுவின் முதல் வரி ஒன்றுதான். பெயரை மட்டும் மாற்றுவேன். "இது மிகவும் பின்தங்கிய கிராமம். மக்கள் அறியாமையிலும் வறுமையிலும் உழல்பவர்கள்." ஆங்கிலப் பத்திரிகையில் நான் பார்த்த எல்லா வாக்கியங்களிலும் அந்தச் சொல் இருந்தது, பேக்வர்ட் என்று. அதைப் போட்டால்தான் மனு மனுவாகிறது என்று நம்பினேன். எழுதி முடித்து, "பஸ் கேட்டு எழுதியிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். சங்கையா பெருவிரலில் மையைத் தடவி அழுத்தி வைத்தார். பிறகு மற்றவர்கள் வைத்தார்கள். அதை நான் தமிழில் வாசித்துக் காட்டவில்லை. அவர்களுக்குப் புரியாது என்று நினைத்ததாக வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அவர்கள் முகத்தைப் பார்த்து அந்த வரியை வாசிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மனுவில் சொல்லப்பட்ட நிலைமையை நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்று. சங்கையா என்னிடம் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாதீர்கள், ஊர் இருக்கிறபடியே இருக்கட்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அந்த வரியைச் சொல்ல வேண்டும். "பெரிய ஆபீசர் வருகிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆங்கிலப் பாடம் நடத்த வகுப்புக்குள் போய்விட்டேன்.

ஊர் என்ன செய்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். ரோட்டோரக் கருவேலத்தை இரண்டு பக்கமும் வெட்டினார்கள். பள்ளத்திலெல்லாம் சரளை அடித்தார்கள். பள்ளிக்கூடம், கோயில் சுவர், குடியிருப்பு என்று மிச்சமில்லாமல் வெள்ளையடித்தார்கள். திருச்சுழியிலிருந்து மாட்டுவண்டியில் கல்யாணத்துக்குக் கொடுக்கிற நாற்காலிகள் வந்தன. அன்றைக்குப் பெண்கள் கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளைக் கட்டியிருந்தார்கள். உன்னைத் தொட்டிலிலிருந்து எடுத்துப் பவுடர் போட்டு, உன் அம்மாவும் வாசலில் நின்றாள். ஆட்டுக்கறி, வடை, பாயசம். முத்துமாரி அதிகாரிக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, ஒரு பாட்டை ஒப்பித்தாள். அவர் நல்ல மனிதர். வயிறாரச் சாப்பிட்டார். பாயசம் இரண்டாம் தடவை வாங்கினார். போகும்போது என் கையைப் பிடித்து, இப்படி ஓர் ஊரைப் பார்த்ததே இல்லை என்றார். ஊரே ஜீப்புக்குப் பின்னால் மெயின் ரோடு வரைக்கும் நடந்தது. அடுத்த தடவை பஸ்ஸில் போகலாம் என்று பேசிக்கொண்டே திரும்பியது.

அவர் தான் பார்த்ததை எழுதினார். ஊர் சுத்தமாக இருக்கிறது, மக்கள் வசதியாக இருக்கிறார்கள், பின்தங்கிய கிராமம் என்று மனுவில் கண்டது உண்மையல்ல, எனவே பஸ் கோரிக்கையைப் பரிசீலிக்க அவசியமில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கையா என்னிடம் வந்தார். இந்தத் தடவை வாசித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊரு நல்லாருக்குன்னுதான எழுதியிருக்காக. பெறகு எதுக்கு பஸ்ஸு இல்லங்காக?"

என் மனுவின் முதல் வரியை அப்போதுதான் தமிழில் சொன்னேன். மெதுவாக, கடிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் பெருவிரலைப் பார்த்தார்.

"இதுக்கா நான் கைநாட்டு வச்சேன்?"

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "முன்னாடியே சொல்லியிருந்தா வெள்ளையடிச்சிருக்க மாட்டோம்னு நெனைக்காதீக. அப்பயும் அடிச்சிருப்போம். வீட்டுக்கு ஒருத்தரு வாராகன்னா கூட்டாம பெருக்காம எப்படிப் போடுறது? ஆனா, எங்களப் பத்தி என்ன எழுதுனீகன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பையோடு வந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முத்துமாரி அந்த ஜூன் மாதம் திருச்சுழிக்குப் போகவில்லை. மிளகாய் பறிக்கப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அந்த நீள நோட்டைப் போட்டேன். பரணில் இருக்கிறதே, நீ சிறுவயதில் எடுத்துப் படம் வரைந்து அடி வாங்கினாயே, அதுதான். ஆங்கிலப் பத்திரிகையில் அந்தச் சொல் வருகிற வாக்கியங்களை எடுத்து எழுதுவேன். மூன்று கட்டம். சொல்பவர் யார், யாரைப் பற்றி, அதற்கடுத்து என்ன வருகிறது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஓர் ஆங்கில வாத்தியாரின் கைப்பழக்கம், அவ்வளவுதான். பின்தங்கிய பகுதி, பின்தங்கிய மாநிலம், பின்தங்கிய கிராமம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். சொல்பவர் பெரும்பாலும் மேடையிலோ மேசைக்குப் பின்னாலோ இருந்தார். அவர் அந்தப் பகுதிக்குள் இருந்ததே இல்லை. அதற்கடுத்து எப்போதும் ஏதோ ஒன்று தரப்படப்போகிறது, அல்லது ஏன் தர முடியவில்லை என்று விளக்கப்படுகிறது. அந்த ஊர்க்காரர் வாய் திறக்கிற வாக்கியம் அதில் அபூர்வம். சமீப வருடங்களில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, முன்னேறத் துடிக்கிற என்று இனிப்பாக ஒன்றை நம் பக்கத்துக்குச் சொல்கிறார்கள். வாக்கியம் அதே நடைதான் நடக்கிறது. குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிற செய்திகளையும் அப்படித்தான் எழுதினார்கள். வரட்டும், வந்து வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் செய்திகளையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளாதே. சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட என்று அந்தச் சொல் இருக்கிறதே, அது வேறு. அதைக் கேட்டு வாங்கியவர்கள் தலை நிமிர்ந்து கேட்டார்கள். தங்களை யார் பின்னால் நிறுத்தினார்கள் என்று தெரிந்து கேட்டார்கள். அதனால் எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள். என் நோட்டில் 'நாங்கள்' என்று தொடங்குகிற சில வாக்கியங்கள் உண்டு. சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறேன். அவற்றின் முன்னால் என் மனு வரியை வைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதில் 'நாங்கள்' இல்லை. ஊரே கைநாட்டு வைத்த காகிதத்தில் ஊரை நான் வெளியே நின்று பார்த்தேன்.

இத்தனையும் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? நாம் பாளையம்பட்டிக்குக் குடிவந்து, நீ ஆறாவது படிக்கும்போது அருப்புக்கோட்டையில் ஒரு பேச்சுப் போட்டி. உனக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிக் கொடுத்தேன். முதல் வரி அதேதான். என் கை பழகிவிட்டிருந்தது. நீ மேடையில் ஏறி, தலையை ஆட்டி ஆட்டி, நான் ஒரு பின்தங்கிய பகுதியிலிருந்து வருகிறேன் என்றாய். கை தட்டினார்கள். முதல் பரிசு, எவர்சில்வர் டம்ளர். உன் அம்மா இன்றைக்கும் அதில்தான் அரிசி அளக்கிறாள். உன் கட்டுரையின் முதல் வரியைப் படித்தபோது அந்த டம்ளர்தான் கண்ணுக்குத் தெரிந்தது. உனக்கு அந்த வரியைக் கொடுத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கித் தந்தவன் நான். இப்போது வந்து அது சரியில்லை என்றால், நீ கோபப்பட்டாலும் நியாயம்.

நேற்று பஸ் ஏறி வாகையேந்தல் போனேன். ஆமாம், பஸ் போகிறது. நாம் ஊரை விட்டு வருவதற்கு முன்னால் இரண்டாவதாக ஒரு மனு எழுதினேன், தமிழில். அதில் எந்த அடைமொழியும் இல்லை. எத்தனை கிலோமீட்டர், யார் யார் நடக்கிறார்கள், எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது, அவ்வளவுதான். ஊர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகே கைநாட்டு வாங்கினேன். நாம் வந்து ஒரு வருடம் கழித்து பஸ் விட்டார்கள். அந்த மனுவால்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. தேர்தல் வந்ததாலும் இருக்கலாம்.

சங்கையா இப்போது இல்லை. முத்துமாரி கண்மாய்க் கரையில் இருந்தாள். நூறு நாள் வேலையில் ஆட்களின் பெயர் பதிகிற பொறுப்பு அவளுக்கு. என்னைப் பார்த்ததும், "சார், வெயில்ல எதுக்கு வந்தீக? போன் அடிச்சா நான் வந்திருப்பேன்ல" என்று வேம்பு நிழலில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள். உன் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். உன் முதல் வரியைத் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் இவ்வளவு முன்னேற்றம்.

"அங்க போய்ப் படிக்க இப்படி எழுதணுமாக்கும்?"

எழுதினால் கிடைக்கும் என்று அவன் நினைக்கிறான் என்றேன்.

"எழுதாட்டி?"

தெரியவில்லை என்றேன். அவள் குனிந்து, பதிவேட்டில் யாருடைய பெயரையோ சரிபார்த்தாள். நான் கேட்க நினைத்து இத்தனை வருடம் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். அன்றைக்கு நான் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நீ படித்திருப்பாய், இல்லையா என்று.

"ஒங்க எழுத்தால நான் நிக்கல, சார். பஸ்ஸு வந்திருந்தாலும் எங்கய்யா அனுப்பியிருப்பாகளான்னு யாருக்குத் தெரியும்? ஆனா பஸ்ஸு நின்னுக்கிட்டு இருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடக்கூட ஒண்ணுமில்லாமப் போச்சு."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவளுடைய மகள் அந்த பஸ்ஸில்தான் திருச்சுழி போய்ப் பன்னிரண்டாவது படிக்கிறாள் என்று சொன்னாள். பிறகு சிரித்தாள்.

"தம்பிய எழுதச் சொல்லுங்க. எங்க கஷ்டமும் பொய்யில்லையே. ஆனா அதோட நிப்பாட்டிறக் கூடாது. ஆபீசருக்கு ஊரே வெள்ளையடிச்சதையும் எழுதச் சொல்லுங்க. வாரா வாரம் ஒங்க வீட்டுக்குச் சீனியவரைக்காய் வந்துச்சுல்ல, அதையும் எழுதச் சொல்லுங்க. அதயெல்லாம் விட்டுட்டு ஒரு வார்த்தையில எழுதுனா அது எந்த ஊருன்னு எங்களுக்கே தெரியாது."

தம்பி, நான் நோட்டில் இத்தனை வருடம் கட்டம் போட்டுத் தேடியதை அவள் பதிவேட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்லிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். உன் வாக்கியத்தை நோட்டில் எழுதினால் சொல்பவர் கட்டத்தில் உன் பெயர் வரும். யாரைப் பற்றி என்கிற கட்டத்திலும் உன் பெயர் வருமா? ஐந்து வயதில் அந்த ஊரை விட்டு வந்தவன் நீ. என்னோடு மேசைக்குப் பின்னால் வளர்ந்தவன். ஆனால் அங்கே பிறந்ததும் பொய்யில்லை. எனக்கு விடை தெரியவில்லை. உனக்குத் தெரியக்கூடும்.

ஆகவே அந்த வரியை எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டாவது மனுவிலிருந்து நான் விடாமல் வைத்திருக்கிற பழக்கம் அது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புவது. முத்துமாரியின் போன் எண்ணைக் கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறேன். நான்கு மணிக்கு மேல் ஓய்வாக இருப்பாள். உன் கட்டுரை முழுவதையும் தமிழில் அவளுக்கு வாசி. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனவள், உன்னிடம் கூச்சப்பட மாட்டாள். வாசித்து முடித்த பிறகும் முதல் வரி அப்படியே இருக்கலாம் என்று உனக்குத் தோன்றினால், இருக்கட்டும். நான் மறுபடி பென்சில் எடுக்க மாட்டேன். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உன் அம்மா கேட்பாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

புறப்படும்போது முத்துமாரி ஒரு பை நிறையச் சீனியவரைக்காய் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. உன் அம்மா அதை உப்புப் போட்டு வேகவைத்து, மொட்டைமாடியில் சேலையை விரித்துக் காயப்போட்டிருக்கிறாள். வெளிநாடு போகிற பிள்ளைக்கு வத்தலாம். இன்னும் இடமே கிடைக்கவில்லை என்றேன். "கெடைக்காட்டா மெட்ராஸ்ல வச்சுத் திங்கட்டும்" என்கிறாள். நன்றாகக் காய்ந்து பார்சலில் உன் கைக்கு வரத் திங்கட்கிழமை ஆகிவிடும். நீ அனுப்ப வேண்டியது வெள்ளிக்கிழமை. சிறுவயதில் அந்தக் காய் உனக்குப் பிடிக்காது, வாயில் வைத்ததும் துப்பிவிடுவாய். அந்தக் கசப்பாவது நினைவிருக்கிறதா பார்.